240 ரூபாய் ஸ்பாஞ்ச் ஃபில்டர்: இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்திய பிறகு

மீன் தொட்டிக்கான இந்த ஃபில்டரைக் கொளத்தூரில் வாங்கியபோது செய்தித்தாளில் சுற்றித் தந்தார்கள். அட்டைப்பெட்டி கிடையாது, தயாரித்தவர் பெயர் கிடையாது, எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் சீட்டும் கிடையாது. கைப்பிடி அளவில் இரண்டு கறுப்பு ஸ்பாஞ்சு உருளைகள், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் அடித்தட்டு, நடுவிலிருந்து மேலே எழும் ஒரு குழாய். இவ்வளவுதான் பொருள். விலை 240 ரூபாய். பெரம்பூரில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் இரண்டடி மீன் தொட்டியில் 2023 ஜூன் மாதத்திலிருந்து இது ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் விளக்கையும் கூழாங்கல்லையும் பொம்மைக் கோட்டையையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள்; ஃபில்டர் என்று வரும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஏழு மீன்கள் செத்தன. அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு மே விடுமுறைக்குப் பேத்தி திருச்சியிலிருந்து வந்திருந்தாள். ஏழு வயது. என் ஏழு வயதில் அப்பா என்னை மூர் மார்க்கெட்டுக்கு அழைத்துப்போய், ஹார்லிக்ஸ் புட்டி ஒன்றில் இரண்டு கப்பி மீன்களை வாங்கித் தந்தார். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்த அந்தப் புட்டியின் குளிர்ச்சி இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. மூர் மார்க்கெட்டின் சிவப்புக் கட்டடம் 1985-இல் எரிந்துபோனது. பேத்திக்கு அப்படி ஒன்றைத் தர வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டுக்கு அருகில் இருந்த கடை ஒன்றில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் வாங்கினோம்: இரண்டடிக்கு ஓரடி தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, தொட்டியின் மேல் உட்காரும் பெட்டி ஃபில்டர், ஒரு மூட்டை வெள்ளைக் கல். கூடவே பன்னிரண்டு மீன்கள்: நான்கு தங்கமீன், ஆறு மோலி, இரண்டு ஏஞ்சல். தண்ணீரை நிரப்பி, குளோரின் எடுக்கும் மருந்தை ஊற்றி, இரவு எட்டு மணிக்கு மீன்களை விட்டோம். பேத்தி பதினொரு மணி வரை தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

நான்காம் நாள் தங்கமீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. கடைக்குப் போன் செய்தேன். தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, கல்லையும் ஃபில்டரில் உள்ள வெள்ளைப் பஞ்சையும் குழாயடியில் நன்றாகக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, நீல மருந்து பத்துச் சொட்டு விடச் சொன்னார்கள். அப்படியே செய்தேன். ஒரு நாள் மீன்கள் தெளிந்தன. மறுநாள் மீண்டும் அதே நிலை. ஒவ்வொன்றாகப் போயின. பதினொன்றாம் நாள் ஐந்து மோலிகள் மட்டும் மிஞ்சின. அவையும் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் கிடந்தன.

பேத்தி என்னிடம் கேட்டாள்: "பாட்டி, தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அப்புறம் ஏன்?"

மேல்நிலை வகுப்புகளுக்கு 29 ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் நான். கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீரில் என்னவெல்லாம் கரைந்திருக்கலாம் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. அன்றைக்கே ஒரு துளிச் சோதனைப் பெட்டிக்கு ஆர்டர் கொடுத்தேன். சிறு கண்ணாடிக் குழாயில் 5 மில்லி தொட்டித் தண்ணீர், அதில் இரண்டு புட்டிகளிலிருந்து சில சொட்டுகள், ஐந்து நிமிடக் காத்திருப்பு. அம்மோனியா இல்லாவிட்டால் மஞ்சள், இருந்தால் பச்சை. என் தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் அடியில் அழுகும் தீவனத்திலிருந்தும் அம்மோனியா ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும் பங்கு மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. அம்மோனியாவாகவே இருக்கும் பங்குதான் செவுளைப் புண்ணாக்குகிறது. இரண்டுக்கும் இடையிலான சமநிலையைத் தீர்மானிப்பவை தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவும் வெப்பமும். பிஎச் 7 உள்ள தண்ணீரில் நச்சுப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இருக்காது. எங்கள் அடுக்குமாடியில் வருவது ஆழ்துளைக் கிணற்று நீரும் குடிநீர் வாரிய நீரும் கலந்த தண்ணீர். சோதித்தபோது பிஎச் 8 இருந்தது, வெப்பம் 30 டிகிரி. அந்த நிலையில் நச்சுப் பங்கு நூற்றில் ஏழு. சென்னைக் கோடையில், உப்பேறிய கடின நீரில், பன்னிரண்டு மீன்களை ஒரே இரவில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு தாளில் மூன்று வரியில் கணக்குப் போட்டிருக்கலாம். மீன்களை வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டும்.

மிஞ்சிய மோலிகளை ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். தினமும் பாதித் தண்ணீரை மாற்றினேன், லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல் உப்பு சேர்த்தேன். ஐந்தும் பிழைத்தன. பிறகுதான் கொளத்தூருக்குப் போனேன்.

கொளத்தூரைத் தெரியாதவர்களுக்கு: சென்னையில் வண்ண மீன் என்றால் அந்த ஊர்தான். வீட்டின் பின்புறத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டி கட்டி மீன் குஞ்சு பொரிக்கவைத்து விற்பது அங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. கடைத்தெருவில் விசாரித்து, சந்துக்குள் இருந்த ஒரு பண்ணை வீட்டுக்குப் போனேன். அறுபதைத் தாண்டிய ஒருவர் கப்பி வளர்க்கிறார். சுவரோரமாக நாற்பது கண்ணாடித் தொட்டிகள் இருக்கும். எதிலும் கல் இல்லை, பொம்மை இல்லை, விளக்கு இல்லை. எல்லாவற்றிலும் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு பெரிய காற்று இயந்திரம், அதிலிருந்து பிவிசி குழாய், குழாயிலிருந்து தொட்டிக்கு ஒரு மெல்லிய டியூப்.

"மீன் எத்தனை வேண்டும் அம்மா?" என்று அவர் கேட்கவில்லை. தொட்டி வைத்து எத்தனை நாள் ஆகிறது என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "மீன் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் அம்மா. முதலில் தண்ணீர் பழகட்டும்" என்றார். தண்ணீர் பழகுவது என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். நைட்ரஜன் சுழற்சி என்று பாடப்புத்தகம் இரண்டு பக்கத்தில் சொல்வதை இந்த மனிதர் இரண்டே சொற்களில் வைத்திருக்கிறார்.

அவரிடம்தான் இந்த 240 ரூபாய் ஃபில்டரை வாங்கினேன். இரண்டு முனை உள்ள ஏர் பம்ப் 450 ரூபாய். டியூப்பும் ஒருவழி வால்வும் சேர்த்து ஐம்பதுக்குள். கிளம்பும்போது தன் தொட்டி ஒன்றிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்றை உருவி, கொஞ்சம் தண்ணீரோடு பாலிதீன் பையில் போட்டு, காசு வாங்காமல் கொடுத்தார். பழுப்பு நிறத்தில் வழவழவென்று, பார்த்தால் தூக்கிப் போடத் தோன்றும் பொருள். நான் அன்றைக்குச் செலவழித்ததில் எதுவும் அதன் மதிப்புக்கு ஈடாகாது.

அந்த வழவழப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும் நைட்ரோசோமோனாஸ் வகைப் பாக்டீரியாக்களும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரோஸ்பைரா வகையும் தண்ணீரில் மிதந்து திரிகிறவை அல்ல. எதன்மீதாவது ஒட்டிக்கொண்டு படலமாக வாழ்கிறவை. அவற்றுக்கு ஒட்ட இடம் வேண்டும், உயிர்க்காற்று வேண்டும், உணவாக அம்மோனியா மெதுவாக வந்துகொண்டிருக்க வேண்டும். ஸ்பாஞ்சு இந்த மூன்றையும் தருகிறது. பம்ப் அனுப்பும் காற்று நடுக்குழாய்க்குள் குமிழிகளாக மேலேறும்போது குழாயில் உள்ள தண்ணீரையும் தூக்கிக்கொண்டு போகிறது. அந்த இடத்தை நிரப்பத் தொட்டித் தண்ணீர் நாலாபுறமும் ஸ்பாஞ்சின் துளைகள் வழியாக உள்ளே இழுபடுகிறது. மோட்டார் தண்ணீரைத் தொடுவதே இல்லை. தண்ணீருக்குள் சுழலும் பாகம் ஒன்றுகூட இல்லாததால் பழுதாகவும் ஒன்றும் இல்லை, குஞ்சு மீன் சிக்கிக்கொள்ளவும் வழி இல்லை.

இப்போது என் முதல் ஃபில்டருக்கு வருகிறேன், அதற்கும் நியாயம் செய்ய வேண்டும். மேலே உட்காரும் பெட்டி ஃபில்டர் குப்பையைப் பிடிப்பதில் இதைவிடக் கெட்டி. மிதக்கும் தூசியை ஒரு மணி நேரத்தில் வெள்ளைப் பஞ்சில் ஏற்றிவிடும். ஆனால் அந்தப் பஞ்சு அழுக்கானவுடன் தூக்கிப் போட வேண்டும், அல்லது குழாயடியில் கசக்கிப் பிழிய வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லப்படுகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. நம் குடிநீரில் கிருமியைக் கொல்வதற்காகப் போட்டது, பஞ்சில் குடியேறத் தொடங்கிய நல்ல பாக்டீரியாவையும் கொல்கிறது. தொட்டியையும் கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் கழுவி, மேலே நீல மருந்தையும் விட்டபோது நான் செய்தது என்ன? நான்கு நாளில் துளிர்த்திருந்த கொஞ்சநஞ்சத்தையும் அழித்துவிட்டு, மீன்களை மறுபடி முதல் நாளுக்கே கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த நீல மருந்தான மெத்திலீன் புளூ பூஞ்சைக்கு நல்லது, ஆனால் நைட்ரஜன் பாக்டீரியாக்களுக்கு அது ஆகாது. அதைத் தனித் தொட்டியில் வைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

இந்த முறை தொட்டியில் மீன் இல்லாமலேயே தொடங்கினேன். ஐம்பது லிட்டர் தண்ணீர், குளோரின் நீக்கியது. புது ஸ்பாஞ்சு ஃபில்டரைப் பொருத்தி, கொளத்தூர்ப் பழைய ஸ்பாஞ்சைப் பக்கத்திலேயே வைத்து, அதன் அழுக்கை மெல்லப் பிழிந்துவிட்டேன். தொட்டி கலங்கிப் பழுப்பானது. பேத்தி முகம் சுளித்தாள். "இதுதான் மருந்து" என்றேன். பாக்டீரியாவுக்கு உணவாகச் சுத்தமான நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு, ஏறத்தாழ மூன்றில் ஒரு கிராம் கரைத்து ஊற்றினேன். ஐம்பது லிட்டரில் அது லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா தரும். எடை போட வசதி இல்லாதவர்கள் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுகவிட்டாலும் அதே வேலை நடக்கும். அளவு மட்டும் கைக்குள் நிற்காது.

நோட்டுப் புத்தகத்தில் பேத்தியின் கையெழுத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. முதல் நாள் அம்மோனியா 2. நான்காம் நாள் 1. ஐந்தாம் நாள் நைட்ரைட் குழாய் முதன்முறையாக இளநீலத்திலிருந்து ஊதாவுக்குத் திரும்பியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடம் ஓடினாள். எட்டாம் நாள் அம்மோனியா இல்லை, ஆனால் நைட்ரைட் 5, ஒப்பிட்டுப் பார்க்கும் நிற அட்டையில் அதற்குமேல் நிறமே இல்லை. புதிதாகத் தொட்டி வைப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். அம்மோனியா போய்விட்டது என்று மீனை விடுகிறார்கள். நைட்ரைட் செவுள் வழியாக இரத்தத்தில் ஏறி, உயிர்க்காற்றைச் சுமக்கும் நிறமியைக் கெடுத்துவிடுகிறது. இரத்தம் பழுப்பாகும். தண்ணீரில் காற்று நிறைய இருந்தும் மீன் மூச்சுத் திணறும். மோலிகளுக்கு நான் போட்ட கல் உப்பு காப்பாற்றியது இதிலிருந்துதான்: உப்பில் உள்ள குளோரைடு, செவுளில் நைட்ரைட் நுழையும் வழியை அடைத்துக்கொள்கிறது.

பதினேழாம் நாள் காலையில் நவச்சாரம் போட்டேன். மறுநாள் காலை அம்மோனியா மஞ்சள், நைட்ரைட் இளநீலம், அதாவது இரண்டும் இல்லை; மீனை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாத நைட்ரேட் மட்டும் ஆரஞ்சு. தண்ணீர் பழகிவிட்டது. பழைய ஸ்பாஞ்சின் உதவி இல்லாமல் வெறும் தொட்டியில் தொடங்கினால் இது நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். சென்னையின் வெப்பம் இந்த ஒரு விஷயத்தில் நமக்குத் துணை: சூட்டில் இந்தப் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுகின்றன. அதற்குள் விடுமுறை முடிந்து பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். கடைசி எட்டு நாள் கணக்கை நான் போனில் சொல்ல, அவள் அங்கே ஒரு தாளில் எழுதி வைத்தாள். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, முதலில் அந்த ஐந்து மோலிகளை விட்டேன். இரண்டு வாரம் கழித்து எட்டு ஜீப்ரா டானியோ. ஜூலை, ஆகஸ்டு இரண்டு மாதமும் ஒரு மீன்கூட இறக்கவில்லை.

பொருளின் குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதல் குறை சத்தம். ஏர் பம்ப் உர்ரென்று அதிரும். மர அலமாரியில் வைத்தபோது கூடம் முழுக்கக் கேட்டது. மடித்த துண்டின்மேல் வைத்தபிறகு பாதி அடங்கியது. குழாயின் உள்ளே காற்று பெரிய குமிழிகளாகப் போவதால் குளுகுளுவென்று இன்னொரு சத்தம். டியூப்பின் முனையில் இருபது ரூபாய்க் காற்றுக்கல் ஒன்றைச் செருகி நடுக்குழாய்க்குள் இறக்கினேன். குமிழிகள் பொடியாகி அந்தச் சத்தம் நின்றது, தண்ணீர் ஓட்டமும் கூடியது. இந்தக் கல்லை உள்ளேயே வைத்து விற்றால் என்ன? இரவில் தூக்கம் கெடுகிறது என்று இதை நிறுத்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரவில் நிறுத்தினால் மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் மூச்சு போகும். படுக்கையறையில் தொட்டி வைப்பவர்களுக்கு இது ஏற்ற பொருள் இல்லை.

இரண்டாவது, தோற்றம். அழகுத் தொட்டியின் நடுவில் பம்பரம் போல இரண்டு கறுப்பு உருளைகள். பின்மூலையில் வைத்து முன்னால் வாலிஸ்னேரியா செடியை வளர்த்திருக்கிறேன். பாதி மறைந்துவிட்டது.

மூன்றாவது, ஒருவழி வால்வைத் தனியாகத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இது கட்டாயம். பம்ப் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்து, மின்சாரம் போனால், தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி பம்புக்குள்ளும் அங்கிருந்து பிளக் வரைக்கும் இறங்கிவிடும். ஐந்து நிமிட மின்வெட்டு போதும். வால்வைப் போடுங்கள், பம்பையும் மட்டத்துக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டுங்கள். இரண்டையும் செய்யுங்கள்.

புது ஸ்பாஞ்சு முதல் நாள் மிதக்கும். தண்ணீருக்குள் வைத்துப் பலமுறை பிழிந்து காற்றை வெளியேற்றினால் உட்கார்ந்துவிடும். இதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

கரி போட இடம் இல்லை, மருந்து நிறத்தை எடுக்க வழி இல்லை, நுண்தூசியும் முழுதாகப் போவதில்லை. வெளிச்சத்தை எதிரே பிடித்துப் பார்த்தால் என் தண்ணீரில் எப்போதும் நாலு துகள் மிதக்கும். வாரம் ஒருமுறை கால்பங்குத் தண்ணீரை மாற்றும்போது அடியில் படிந்ததை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். துகள் மிதக்கும் தண்ணீரில் என் மீன்கள் நன்றாக இருக்கின்றன. கண்ணாடி போலிருந்த தண்ணீரில் ஏழு செத்தன. எனக்கு இதில் குழப்பம் எதுவும் இல்லை.

இனி 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல். 3-ஆம் தேதி இரவு எங்கள் தெருவில் போன மின்சாரம் 6-ஆம் தேதி மாலைதான் வந்தது. கீழ்த்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்ததால் வீட்டுக்குள் வரவில்லை. மோட்டார் ஃபில்டர் வைத்திருந்தால் அன்றிரவே கைவிட்டிருப்பேன். ஸ்பாஞ்சு ஃபில்டருக்கோ காற்று எங்கிருந்து வந்தாலும் சரி. புயல் எச்சரிக்கை வந்தவுடன் என் கணவர் பெரிய டார்ச் செல் இரண்டு போடும் சிறு பம்ப் ஒன்றை வாங்கி வந்திருந்தார். அதே டியூப்பைக் கழற்றி அதில் செருகினோம், குமிழி வந்தது. செல் தீர்ந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு மணி நேரம் ஓட்டி, ஒரு மணி நேரம் நிறுத்தி, இரவில் முறை வைத்து எழுந்தோம். மூன்று நாளும் தீவனம் போடவில்லை. நன்றாக வளர்ந்த மீன் மூன்று நாள் பட்டினியைத் தாங்கும், ஆனால் அழுகும் தீவனத்தைத் தொட்டி தாங்காது. மின்சாரம் வந்த அன்று மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு முதலில் செய்தது சோதனைதான். அம்மோனியா 0.25. மறுநாள் மாலை பூஜ்யம். அந்தக் கறுப்பு ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

கழுவுவதைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முழுமையாகாது. இந்த ஃபில்டரைக் கெடுப்பதற்கு ஒரே வழிதான் உண்டு, அதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். ஸ்பாஞ்சு அடைபட்டால் குழாயின் மேல்முனையில் தண்ணீர் பொங்குவது குறையும். எனக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை அப்படி ஆகிறது. அப்போது, மாற்றுவதற்காகத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு, இரண்டு உருளைகளில் ஒன்றை மட்டும் அதில் நாலைந்து முறை பிழிகிறேன். தண்ணீர்க் குழாயைத் திறப்பதில்லை, சோப்பு கிடையவே கிடையாது. பளிச்சென்று ஆக வேண்டியதில்லை. தண்ணீர் ஓடினால் போதும். அடுத்த உருளை இரண்டு வாரம் கழித்து. வாளித் தண்ணீர் துளசிக்குப் போகிறது. இரட்டை ஸ்பாஞ்சு வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். ஒன்றில் கை வைத்தாலும் மற்றொன்றில் குடித்தனம் கலையாமல் இருக்கும். ஒற்றை ஸ்பாஞ்சு எண்பது ரூபாய் குறைவு, அந்தச் சிக்கனம் வேண்டாம்.

துளை அளவையும் பார்த்து வாங்குங்கள். மிக நெருக்கமான துளை உள்ள ஸ்பாஞ்சு பத்து நாளில் அடைத்துக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் துளை தனித்தனியாகத் தெரிய வேண்டும். பிழிந்து விட்டால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். என்னுடையது இத்தனை மாதத்துக்குப் பிறகும் திரும்புகிறது. நடுக்குழாயின் மேல்முனை தண்ணீர் மட்டத்தை ஒட்டி இருக்கும்படி நறுக்கிக்கொள்ளுங்கள். குழாய் நீளமாகத் தண்ணீருக்குள் நின்றால்தான் இழுவை நன்றாக இருக்கும்.

பழைய ஸ்பாஞ்சு யாரிடமாவது வாங்குவதாக இருந்தால், அந்தத் தொட்டியின் மீன்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்குங்கள். உடம்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப்புள்ளி தெரிந்தால், துடுப்பு கிழிந்திருந்தால், அந்த ஸ்பாஞ்சு வேண்டாம். பாக்டீரியாவோடு நோயும் வரும். கொளத்தூர்ப் பெரியவர் தன் தொட்டிகளின் முன்னால் என்னைப் பத்து நிமிடம் நிற்கவைத்துவிட்டுத்தான் ஸ்பாஞ்சைக் கொடுத்தார்.

ஐந்துக்கு நாலரை தருகிறேன். அரை மதிப்பெண் சத்தத்துக்காகக் குறைத்தது.

சென்ற ஆண்டு மே மாதம் திருச்சியில் பேத்தியின் வீட்டில் ஒன்றரையடித் தொட்டி வைத்தார்கள். மகள் போனில், மீன் எப்போது வாங்கலாம் என்று கேட்டாள். நான் வரும்வரை வாங்காதே என்றேன். அதற்கு ஒரு மாதம் முன்பே என் தொட்டியில் இரண்டாவதாக ஒரு புது ஸ்பாஞ்சு ஃபில்டரைப் போட்டு ஓடவிட்டிருந்தேன். கிளம்பும் அன்று அதை எடுத்து, ஈரம் காயாத அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, நிறையக் காற்றோடு பாலிதீன் பையைக் கட்டி, எவர்சில்வர் தூக்கில் வைத்துப் பல்லவன் எக்ஸ்பிரஸ்ஸில் ஏறினேன். எதிர் இருக்கையில் இருந்த அம்மா, ஊறுகாயா என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன், விழுப்புரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை. பேத்தி தூங்காமல் இருந்தாள். அன்றிரவே பொருத்தினோம். நவச்சாரத்தை அவளே எடை போட்டாள். மறுநாள் காலை சோதனைக் குழாயில் சொட்டு விட்டு, மூடியை இறுக்கி, குலுக்கி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளிர்பச்சை. மூன்றாம் நாள் காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"பாட்டி, மஞ்சள்!"